பாடம்: வாடும் பூவும் வாடாத பூவும்



போன மாதக் கூட்டத்தில் பூ விற்கும் அக்கா ஒருவர் எங்களிடம் கேட்டார்: "ஏன் மேடம், மிஞ்சுன மல்லிய காயப் போட்டு கப்பல்ல ஏத்த முடியாதா?" எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் இது நல்ல கேள்வி. மிஞ்சின மீன் கருவாடு ஆகிறதே, பூ ஏன் ஆகாது?

உலர் மலர் என்றால் என்ன?

ஓசூர் ரோஜா விமானத்தில் வெளிநாடு போகிறது. தாமதித்தால் வாடிவிடும். உலர் மலருக்கு அந்த அவசரம் இல்லை. கப்பலில் வாரக்கணக்கில் போகலாம். நம் ஊரில் உப்பு விளைவிக்கும் வெயிலும் இருக்கிறது, துறைமுகமும் இருக்கிறது. அதனால் 1980-களிலிருந்து தூத்துக்குடியில் இந்தத் தொழில் வளர்ந்தது. வாடாமல்லி, கோழிக்கொண்டை, தாமரைக் காய், பருத்திக் காய் ஓடு, பனை ஓலை இவற்றைக் காய வைத்து, வெளுத்து, சாயம் ஏற்றி, அலங்காரப் பொருளாக அனுப்புகிறார்கள். இதில் பெண்கள் நிறைய பேர் வேலை செய்கிறார்கள்.

மல்லி இதற்கு ஆகாது. காய்ந்தால் நிறமும் போகும், மணமும் போகும், சருகுதான் மிஞ்சும். காய்ந்தாலும் உருவமும் நிறமும் நிற்கிற பூவே வேண்டும்.

மல்லிக் கணக்கு

தோவாளை சந்தையில் முகூர்த்தம், ஓணம் என்றால் விலை ஏறும், மறுநாளே இறங்கும். ஒரு உதாரணம் பார்ப்போம். பூ 1,500 ரூபாய், நார், பஸ் செலவு 200 ரூபாய், ஆக முதல் 1,700. முழுவதும் விற்றால் 2,200 வரும், லாபம் 500. ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சினால் வரவு 1,760. லாபம் 60 ரூபாய்தான்! அன்றைக்கு வட்டியும் கட்டணும் என்றால் கையில் என்ன நிற்கும்? ஆகவே குழுவில் உள்கடன் வாங்கும் முன் விற்கும் நாளை மட்டும் எண்ணாமல், மிஞ்சும் நாளையும் எண்ணுங்கள்.

உலர் மலர் வேலைக்குப் போகும் முன் கேளுங்கள்

1. கூலி நாளுக்கா, உருப்படிக்கா? 100 உருப்படி செய்து 15 கழிந்தால், அந்த 15-க்கும் கூலி உண்டா?
2. மழையில் பூ காயாது, பூஞ்சணம் பிடிக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தை நாம் மறக்க முடியுமா? மழை மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கும்?
3. வெளுப்பு மருந்து, சாயம் கையாளக் கையுறை, முகமூடி தருவார்களா?
4. குழுவாகப் பூ பயிரிட்டுக் கொடுப்பதானால், விலையும் எடுக்கும் தேதியும் எழுத்தில் உண்டா? எழுத்தில் இல்லாமல் விதை போட வேண்டாம்.

கூட்டத்தில் பேசுங்கள்

நம் குழுவில் பூ விற்பவர் எத்தனை பேர்? ஒரு வாரம் வரவு, செலவு, மிஞ்சின பூ மூன்றையும் நோட்டில் எழுதி, அடுத்த கூட்டத்தில் சேர்ந்து பார்ப்போம். எழுதத் தெரியாதவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் எழுதித் தரட்டும்.

கேள்வி கேட்ட அக்காவும் நோட்டு போட ஆரம்பித்துவிட்டார். பூ வாடினாலும் நம் கணக்கு வாடக் கூடாது.