வீட்டு முகவரின் கேமராவும் எட்டடி அறையும்

என் படிவம் 3 மாணவி ஒருத்தியின் குடும்பம் பள்ளி விடுமுறையில் சுங்கை சிப்புட்டிலிருந்து கிள்ளானுக்குக் குடிமாறியது. அப்பாவுக்கு விடுப்பு கிடைக்காததால் வீட்டை நேரில் பார்க்க முடியவில்லை. முகவர் வாட்சாப்பில் அனுப்பிய படங்களையும், விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் 360 பாகைச் சுற்றுக்காட்சியையும் நம்பி இரண்டு மாத முன்பணத்தைக் கட்டிவிட்டார்கள். லாரியில் சாமான்கள் வந்து இறங்கிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. இவளும் தங்கையும் படுக்கும் குயின் கட்டிலைப் போட்டதும் அறை நிரம்பிவிட்டது. துணி அலமாரி இன்றும் கூடத்தில்தான் நிற்கிறது.

“ஏஜெண்டு எங்கள ஏமாத்திட்டாரு டீச்சர். படத்துல அறை அவ்வளவு பெருசா இருந்துச்சு” என்றாள். அவள் அப்பா முகவரிடம் கேட்டதற்கு, “படத்துல நான் எதையும் மாத்தலைங்க அண்ணே, எடுத்தத அப்படியே அனுப்பினேன்” என்று பதில் வந்ததாம்.

அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தேன். முகவர் சொன்னது உண்மைதான். மாணவி சொன்னதும் உண்மைதான். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பது ஒளியியல் பாடம்.

ஒரு செவ்வக அறையின் மூலையில் முதுகை ஒட்டி நின்றுகொள்ளுங்கள். உங்கள் இடக்கைப் பக்கச் சுவருக்கும் வலக்கைப் பக்கச் சுவருக்கும் இடையே உள்ள கோணம் 90 பாகை. அறை முழுவதையும் ஒரே படத்தில் காட்ட வேண்டுமானால் கேமராவின் பார்வைக் கோணமும் 90 பாகைக்குக் குறையக்கூடாது. 36 மில்லிமீட்டர் அகலமுள்ள உணரி கொண்ட கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் கிடைமட்டமாக ஏறத்தாழ 40 பாகை பார்க்கும். 24 மில்லிமீட்டர் லென்ஸ் 74 பாகை. 16 மில்லிமீட்டருக்கு வந்தால்தான் 97 பாகை கிடைக்கும். குவியத் தூரம் குறையக் குறையப் பார்வை விரியும். கைப்பேசியில் 0.5 என்ற பொத்தானைத் தொட்டால் நடப்பதும் இதுவே. ஆகவே சிறிய அறையைப் படம்பிடிக்கும் முகவர் அகன்ற கோண லென்ஸை எடுப்பதில் தந்திரம் எதுவும் இல்லை. வேறு லென்ஸில் ஒரு சுவரும் பாதிச் சன்னலும் மட்டுமே விழும்.

கோளாறு நாம் பார்க்கும் இடத்தில் தொடங்குகிறது. கைப்பேசியைப் படுக்கவைத்தால் திரை ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் அகலம். அதை 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்துப் பார்க்கிறோம். அந்தத் தூரத்தில் திரை நம் கண்ணில் அடைக்கும் கோணம் வெறும் 26 பாகை. கேமரா 97 பாகைக்கு வாரி எடுத்த காட்சி 26 பாகைக்குள் நமக்கு வந்து சேர்கிறது. படம் எடுத்த கோணத்திலேயே அதைப் பார்க்க வேண்டுமானால் திரையைக் கண்ணிலிருந்து 6 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் வைக்க வேண்டும்.

வீட்டில் செய்து பாருங்கள். 0.5 பொத்தானில் உங்கள் அறையைப் படமெடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திரையை மெல்ல மூக்குக்கு அருகே கொண்டுவாருங்கள். காட்சி மங்கும், ஏனென்றால் கண் அவ்வளவு அருகில் குவியாது. ஆனால் தூரத்தில் ஒதுங்கி நின்ற எதிர்ச்சுவர் முன்னால் நகர்ந்து வருவதுபோல் தோன்றும். கணக்குப்படி பார்த்தால், 6 சென்டிமீட்டரில் பார்க்க வேண்டியதை 30-இல் பார்க்கும்போது அறையின் ஆழம் நான்கு மடங்குக்கும் மேல் நீள வேண்டும். நம் மூளை அதை முழுதாக நம்புவதில்லை. கதவு, சன்னல் போன்ற பழகிய பொருள்களை வைத்துக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறது. காலி அறையில் திருத்த உதவும் பொருள்களும் குறைவு. அந்த மாணவியின் அறை காலியாகத்தான் இருந்தது.

இத்தகைய லென்ஸை அடையாளம் காண ஒரு வழி உண்டு. படத்தின் ஓரத்தில் இருக்கும் உருண்டையான பொருளைப் பாருங்கள். 97 பாகைப் படத்தின் விளிம்பில் ஓர் உருண்டை விளக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இழுபட்டு முட்டை வடிவில் தெரியும். கல்யாணக் குழுப்படத்தில் ஓரத்தில் நிற்கும் சித்தப்பா மட்டும் திடீரென்று பருத்துப்போவதும் இதனால்தான். அவரைக் குறை சொல்லாதீர்கள்.

சரி, லென்ஸ் எதை மாற்ற முடியாது? எண்ணிக்கையை. அறையின் தரையில் பதித்த டைல்ஸ் பத்து என்றால் எந்த லென்ஸில் எடுத்தாலும் பத்துதான். அருகில் உள்ளது பெரிதாகவும் தொலைவில் உள்ளது சிறிதாகவும் தெரியும். ஆனால் பதினோராவது டைல்ஸை லென்ஸ் உண்டாக்காது. படத்தின் கீழ்ப்பகுதியில் சில டைல்ஸ் வெட்டுப்பட்டிருக்கும் என்பதால், முழுதாகத் தெரியும் எதிர்ச்சுவர்களின் ஓரமாக எண்ணுங்கள். டைல்ஸின் அளவு ஓர் அடியா இரண்டு அடியா என்ற சந்தேகம் வந்தால் கதவைப் பாருங்கள். படுக்கையறைக் கதவு பொதுவாக 3 அடியை ஒட்டியே இருக்கும். அதன் அகலத்தில் மூன்று டைல்ஸ் அடங்கினால் ஓர் அடி, ஒன்றரை அடங்கினால் இரண்டு அடி. கணினியில் தரையையே மாற்றி வரைந்த படத்தில் இந்த முறை உதவாது. கட்டில், சோபாவைக் கணினியில் சேர்த்த படத்திலும் ஏமாறலாம். அங்கே கட்டிலையும் டைல்ஸையும் ஒப்பிடுங்கள். குயின் கட்டில் 5 அடிக்கு 6¼ அடி. அது நான்கு அடிக்குள் அடங்கிக் கிடந்தால் யாரோ கட்டிலைச் சுருக்கியிருக்கிறார்கள்.

360 பாகைச் சுற்றுக்காட்சி இன்னும் நம்பகமானது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. இதற்கான சாதாரணக் கேமராவில் முதுகோடு முதுகாக இரண்டு மீன்கண் லென்ஸ்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 180 பாகைக்குச் சற்று அதிகமாகப் பார்க்கும். இரண்டு படங்களையும் மென்பொருள் ஒட்டுகிறது. எந்தப் பொருளும் விடுபடாது என்பது இதன் நன்மை. கூரையில் நீர்க்கசிவு இருந்தால் தெரிந்துவிடும். ஆனால் ஒரே புள்ளியிலிருந்து எடுத்த காட்சி, ஒவ்வொரு பொருளும் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். எவ்வளவு தூரம் என்று சொல்லாது. தூரம் தெரிய இரண்டாவது புள்ளி வேண்டும். நமக்கு இரண்டு கண்கள் இருப்பதன் பயன் அது.

அல்லது ஒளியையே அளவுநாடாவாக்கலாம். 2020-இல் ஐபேட் புரோவிலும் ஐபோன் 12 புரோவிலும் வந்த லைடார் அதைத்தான் செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளித்துடிப்பை அனுப்பி, அது சுவரில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. ஒளி ஒரு நானோ விநாடியில், அதாவது விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், 30 சென்டிமீட்டர் போகும். 3 மீட்டர் தூரத்துச் சுவருக்குப் போய்வர 20 நானோ விநாடி. முகவர் கைப்பேசியைப் பிடித்தபடி அறையைச் சுற்றிவந்தால் சுவர், கதவு, சன்னல் அளவுகளோடு தரைப்படம் உருவாகிவிடும்.

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. படிவம் 1-இல் படித்த சமதள ஆடியை நினைத்துப் பாருங்கள். சாதாரணச் சுவரில் பட்ட ஒளி எல்லாத் திசையிலும் சிதறுவதால் ஒரு பகுதி கைப்பேசிக்குத் திரும்பும். அலமாரிக் கதவில் பெரிய கண்ணாடி இருந்தால் ஒளி சிதறாமல் ஒரே திசையில் பிரதிபலித்து, எதிர்ச்சுவரில் பட்டு, சுற்றிக்கொண்டு வரும். கருவிக்கு அது நீண்ட பயணம். கண்ணாடிக்குப் பின்னால் இன்னோர் அறை இருப்பதாக அது வரைந்துவிடக்கூடும். நேர்மையான முகவருக்கும் இந்தப் பிழை நேரலாம். ஆகவே கண்ணாடி உள்ள அறைக்கு மட்டுமாவது அளவுநாடாவால் அளந்து சொல்லும்படி கேட்பது நல்லது. நீளத்திலும் அகலத்திலும் 2 விழுக்காடு பிழை இருந்தால் பரப்பளவில் 4 விழுக்காடு கூடிவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

மாணவியின் அனுமதியோடு அந்தப் படத்தை வகுப்பில் திரையிட்டேன். எதிர்ச்சுவர் ஓரமாக எல்லாரும் சத்தமாக எண்ணினார்கள். ஒரு சுவரில் 8, மற்றதில் 10. கதவின் அகலத்தில் சரியாக மூன்று. 8 அடியில் கட்டிலின் நீளம் 6¼ அடி போக, கால்மாட்டில் மிஞ்சுவது 1¾ அடி. அலமாரியின் ஆழமே 2 அடி. கட்டிலுக்குப் பக்கத்தில் மிஞ்சிய இடத்தைத் திறக்கும் கதவு பிடித்துக்கொண்டது.

“அப்பவே படத்துல இருந்திருக்கு டீச்சர்” என்றாள் அவள்.

ஒப்பந்தம் ஓராண்டுக்கு. அது முடிந்ததும் வேறு வீடு பார்க்கப் போகிறார்கள். முகவரிடம் அவள் அப்பா இப்போதே சொல்லிவைத்துவிட்டார்: படம் அனுப்பும்போது அளவு போட்ட தரைப்படத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அவரும் சரி என்றாராம். கட்டிலையும் அலமாரியையும் அதே விகிதத்தில் அட்டையில் வெட்டித் தயாராக வைத்திருக்கிறாள் அந்த மாணவி.