சுருதி சேரும் உள்ளங்கள்

பள்ளியின் கால அட்டவணையில் முதலில் பறிபோகும் வகுப்பு எது? பெரும்பாலும் பாட்டு வகுப்புதான். தேர்வு நெருங்கிவிட்டால் அந்த நேரம் கணிதத்திற்கோ அறிவியலுக்கோ போய்விடுகிறது. மாணவர்களின் நன்மையைக் கருதியே பெரியவர்கள் இவ்வாறு செய்கிறார்கள். ஆனால் இளம் உள்ளத்திற்கு அந்த ஒரு மணி நேரம் எதைத் தருகிறது என்று எண்ணிப் பாராமல் அதை எடுத்துவிடுவது முறையாகுமா?

10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்கிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. தோல்வி பயமும் தாழ்வு மனப்பான்மையும் தனிமையும் இளைஞர்களை வாட்டுகின்றன. நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பறையிலும் ஒரு மாணவன் தனியனாக இருக்க முடியும். இத்தகைய சூழலில் சேர்ந்து பாடுவதும் சேர்ந்து வாசிப்பதும் என்ன செய்ய இயலும் என்பது ஆராயத் தக்கது.

சாந்திநிகேதன் காட்டிய வழி

1901 டிசம்பரில் ரவீந்திரநாத் தாகூர் வங்காளத்தின் சாந்திநிகேதனில் விரல்விட்டு எண்ணத்தக்க சில மாணவர்களுடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். இளமையில் தாம் கண்ட பள்ளிகள் அவருக்குச் சிறைபோலவே தோன்றியிருந்தன. ஆகவே தமது பள்ளியில் இசையைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் வைக்காமல், அன்றாட வாழ்வின் காற்றாகவே அமைத்தார்.

மாணவர்கள் கூட்டமாகப் பாடிச் செல்லும் 'வைதாலிக்', மழையை வரவேற்கும் 'வர்ஷாமங்கல்', வசந்த காலத்திற்குரிய 'வசந்தோத்சவம்' என்று பருவங்களும் பாட்டும் அங்கே பிணைந்தன. 1908-இல் தாகூர் எழுதிய 'சாரதோத்சவ்' என்னும் நாடகம் பள்ளிப் பிள்ளைகள் பாடி நடிப்பதற்கென்றே அமைந்தது. அவருடைய பாடல்களைப் பிள்ளைகளுக்குக் கற்பித்து, அவற்றிற்கு ஸ்வரக் குறிப்பும் எழுதி வைத்தவர் தினேந்திரநாத் தாகூர். இசையில் தேர்ந்த சிலர் மேடையில் பாட, மற்றவர்கள் கேட்டுக் கொண்டிருக்கும் முறை அன்று இது. பாட்டு அனைவருக்கும் பொதுச்சொத்தாக இருந்தது.

மலையில் ஒலிக்கும் வயலின்

இதே உண்மையை வேறொரு வடிவில் காண்கிறோம். இமயமலைச் சாரலில் உள்ள காலிம்பாங்கில் 1993-இல் எட்வர்ட் மெக்குவைர் என்னும் கனடா நாட்டுப் பாதிரியார் ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகக் காந்தி ஆசிரமப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே எழுத்தும் கணக்கும் போலவே வயலினும் கல்வியின் ஓர் அங்கமாயிற்று. வறுமையில் பிறந்த குழந்தைக்குச் சோறும் துணியும் கிடைத்தால் போதும், இசை எதற்கு என்று கேட்போர் உண்டு. 'நானும் ஒன்றைச் செம்மையாகச் செய்ய முடியும். என் வாசிப்பு இல்லாவிட்டால் இந்த இசை முழுமை பெறாது' என்னும் உணர்வும் ஒரு குழந்தைக்கு உணவே என்பது அதற்கு விடை.

ஆய்வுகள் கூறுவது

ஸ்வீடன் நாட்டின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 18 வயது இளைஞர்கள் சேர்ந்து பாடும்போது அவர்களின் இதயத் துடிப்பு ஒன்றாக ஏறி இறங்குவதைக் கண்டனர். இதில் மாயம் ஒன்றுமில்லை. ஒரே பாட்டைப் பாடுவோர் ஒரே இடத்தில் மூச்சை இழுத்து, ஒரே இடத்தில் விடுகின்றனர். மூச்சு ஒழுங்குபெறும்போது இதயமும் அதைப் பின்பற்றுகிறது.

ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து பாடியும் தாளமிட்டும் விளையாடிய நான்கு வயதுக் குழந்தைகள், இசையின்றி அதே விளையாட்டை ஆடியவர்களைவிடத் தங்கள் தோழனுக்கு அதிகமாக உதவினர். பெரியவர்களிடம் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு மற்றொன்றைச் சொல்கிறது. கைவினை, எழுத்து, பாட்டு என்னும் மூவகைக் குழுக்களும் ஏழு மாத முடிவில் ஒரே அளவு நெருக்கம் பெற்றன. ஆனால் பாடியவர்களே விரைவில் நெருங்கினர். புதிய பள்ளியில் நண்பரின்றித் தவிக்கும் மாணவனுக்கு இந்த விரைவு எத்துணை பெரிய உதவி!

'நான்' கரையும் இடம்

குழுவாகப் பாடுகிறவன் இரண்டு செயல்களை ஒருசேரச் செய்தாக வேண்டும். தன் குரலைக் கொடுக்க வேண்டும். பிறர் குரலைக் கேட்கவும் வேண்டும். தன் குரலையே பெரிதாக ஒலிக்கச் செய்தால் பாட்டு கெடும். அஞ்சி வாயை மூடிக்கொண்டாலும் பாட்டு குன்றும். அகந்தை, தாழ்வுணர்ச்சி என்னும் இரு நோய்களுக்கும் இங்கே ஒரே பயிற்சி மருந்தாகிறது. மேலும், தேர்வில் ஒருவன் முந்தினால் மற்றவன் பிந்துகிறான். சுருதி சேரும்போதோ அனைவரும் ஒருங்கே வெல்கிறார்கள்.

கவனிக்க வேண்டியவை

இப்பயன் தானாகவே கிட்டிவிடாது. 'உனக்குக் குரல் சரியில்லை, பின்னால் போய் நில்' என்று ஆசிரியர் சொல்லும் ஒரு சொல், ஒரு பிள்ளையின் வாயை ஆயுள் முழுவதும் மூடிவிடக்கூடும். ஆண்டு விழாவிற்காகச் சிலரை மட்டும் பொறுக்கியெடுத்துப் பழக்குவதும், பரிசுக்காகவே பாட வைப்பதும் இசையை மற்றொரு தேர்வாக மாற்றிவிடும். ஆழ்ந்த மனத்துயரில் இருக்கும் மாணவனுக்குப் பாட்டு துணையாகலாம். மருத்துவ உதவிக்கு அது மாற்றாகாது.

செய்ய வேண்டியது எளியதே. விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. வாரத்தில் சில வேளைகள், எல்லாருக்கும் எட்டும் சுருதியில் ஒரு பாட்டு, யாரையும் விலக்காத ஓர் ஆசிரியர் இருந்தால் போதும். தேர்வுக் காலத்தில் பாட்டு வகுப்பை எடுத்துவிடாமல் காப்பது இன்னும் அவசியம். மாணவர்களுக்கு அது மிகுதியாகத் தேவைப்படுவது அப்போதுதான்.

வாழ்க்கை முழுவதும் பிறரோடு சேர்ந்து நடக்க வேண்டியவர்கள் இன்றைய மாணவர்கள். பிறரைக் கேட்கவும், பிறருக்கு இடம் தரவும், தயங்காமல் தன் பங்கை அளிக்கவும் அவர்கள் பள்ளியிலேயே பழகட்டும். அதற்குப் பாடிப் பழகுவதைவிட இனிய வழி வேறு எது?