சுரங்கத் தண்ணீரைப் பார்க்கப் போகும் மகளுக்கு

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் வேலை கிடைத்து, முதல் பணியிடமே நெய்வேலிப் பக்கம் என்று நீ சொன்னதும் மனசு நிறைந்துவிட்டது, மகளே. சுரங்கங்களைச் சுற்றியுள்ள தண்ணீரோடுதான் என் காலமும் கழிந்தது. அதில் உனக்கு உதவக்கூடியதை எழுதுகிறேன்.

1. தெளிவைக் கண்டு மயங்காதே. கலங்கல் படிவுத் தொட்டியில் தங்கிவிடும். கரைந்த உப்பு அங்கே தங்காது. மணல் வடிகட்டியிலும் நிற்காது, படிகாரத்துக்கும் அடங்காது. நிலக்கரியோடு கிடக்கும் கந்தகக் கனிமங்கள் காற்றும் ஈரமும் பட்டால் அமிலமாகி, போகிற வழியில் மண்ணையும் பாறையையும் கரைத்துக்கொண்டே போகும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த வேதியியலாளர், “தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது?” என்று கேட்பவரிடம் வாதாட மாட்டார். வடிகட்டிய நீரைக் கிண்ணத்தில் வற்றவைத்து, 180 டிகிரியில் உலர்த்தி, அடியில் ஒட்டிய வெள்ளைப் பொருக்கை அவர் முன்னால் நீட்டுவார். கண்ணால் காண்பதும் பொய் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

2. எண்ணை மட்டும் பார்க்காதே, எடையையும் கேள். நீர்நிலையில் விடும் கழிவுநீருக்குக் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2100 மில்லிகிராம் என்ற வரம்பு உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார். லிட்டருக்கு 3000 மில்லிகிராம் உள்ள பத்து லட்சம் லிட்டரோடு 500 உள்ள பத்து லட்சம் லிட்டரைக் கலந்தால் 1750 ஆகிவிடும். காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் மூன்றரை டன் உப்பும் ஆற்றுக்குத்தான் போயிருக்கிறது. சுரங்கத்தில் இப்படிக் கலக்கக்கூடிய நீர் இரண்டு வகை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இராப்பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பொங்கிவிடும். சென்னையின் குடிநீருக்கும் நெய்வேலி நிலத்தடி நீர் உதவியிருக்கிறது. சுரங்கப் பள்ளத்தில் தேங்கும் மழைநீர் வேறு. அது மண்ணைக் கழுவி வந்தது. எந்தச் சுரங்கமானாலும் இப்படிப்பட்ட இரண்டு நீரும் கலப்பதற்கு முன்பே தனித்தனியாக மாதிரி எடு, ஓட்டத்தையும் அள. “ஆர்.ஓ. போட்டுவிட்டோம்” என்று எவரேனும் சொன்னால், பிரிந்த உப்புநீர் எங்கே போகிறது என்று பணிவாகக் கேட்டு, அந்த இடம் வரை நடந்து போய்ப் பார். உப்பு இடம் மாறும், அழியாது.

3. மீட்டரை நம்பும் முன் அதைச் சோதி. கையில் பிடிக்கும் மீட்டர் உப்பை எடை போடுவதில்லை. மின்கடத்துத்திறனை அளந்து, ஒரு காரணியால் பெருக்கிக் காட்டுகிறது. அந்தக் காரணி எல்லாத் தண்ணீருக்கும் ஒன்றல்ல. தினமும் கிளம்பும் முன், மின்கடத்துத்திறன் 1413 என்று தெரிந்த தரக் கரைசலில் முக்கி, அதே எண்ணைக் காட்டுகிறதா என்று பார். எவரும் பார்க்காத அந்தக் காலை ஐந்து நிமிடத்தில்தான் உன் நேர்மை இருக்கிறது.

4. அவசரத்தில் முறையை விட்டுவிடாதே. 1974 நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவை மனப்பாடமாகவே வைத்துக்கொள். நோட்டீஸ் கொடுப்பதும், மாதிரியை இரண்டாகப் பிரிப்பதும், முத்திரையிட்டு இரு தரப்பும் கையெழுத்திடுவதும் வெறும் சடங்கென்று தோன்றும். அதில் ஒன்று பிசகினாலும் நீதிமன்றத்தில் அந்த ஆய்வறிக்கை சாட்சியாக நிற்காது. அப்புறம் உன் கோபத்தால் ஒரு சொட்டு நீரையும் காப்பாற்ற முடியாது.

5. கோடையிலும் போ, முதல் மழைக்கும் போ. வெயில் காலத்தில் மண்மேட்டில் பூத்த உப்பை முதல் மழை ஒரேயடியாகக் கழுவிக்கொண்டு வரும்.

6. பழி சொல்ல அவசரப்படாதே. பழியிலிருந்து விடுவிக்கவும் அவசரப்படாதே. பரவனாறு சுரங்கப் பகுதியைத் தாண்டி, பெருமாள் ஏரிப் பக்கமாகக் கடலை நோக்கிப் போகிறது. அங்கே ஒரு கிணறு உவர்த்தால் காரணம் கடலாகவும் இருக்கலாம். மொத்த உப்பு எவ்வளவு என்பதோடு நின்றுவிடாமல், எந்த உப்பு என்று கேள். குளோரைடும் சோடியமும் ஓங்கினால் கடல் பக்கம் பார். சல்பேட் ஓங்கினால் கந்தகம் எங்கிருந்து வந்தது என்று தேடு. ஒரே மாதிரியை வைத்து முடிவு கட்டாதே.

7. கிணற்றுக்காரர் பேச்சைக் குறிப்பேட்டில் எழுது. வேறொரு சுரங்கத்துப் பக்கத்து ஊரில், “முன்னெல்லாம் ஒரு கொதியில் பருப்பு வெந்துடும், இப்ப விறகுதான் தீருது” என்றாள் ஒரு பாட்டி. கடினத்தன்மை ஏறியதை எங்கள் ஆய்வகம் பிறகுதான் சொன்னது. அவள் கேட்டது ஒன்றுதான்: “வந்தவங்க எல்லாம் பாட்டில்ல பிடிச்சிட்டுப் போறாங்க, ஒருத்தராவது திரும்பி வந்து என்ன இருக்குன்னு சொன்னாங்களா?” குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு ஆதாரமே இல்லாவிட்டால் 2000 வரை என்பதை அவர்களுக்குப் புரியும்படி சொல். அவர்கள் கிணற்றின் எண்ணைத் தேதியோடு தமிழில் எழுதி, மேலதிகாரியின் ஒப்புதலோடு அவர்கள் கையிலேயே கொடு. கேட்கிற கேள்விக்கெல்லாம் நின்று பதில் சொல்லிவிட்டு, அப்புறம் ஜீப்பில் ஏறு.