கிட்டாரின் விரற்பலகை விலகினால்

செராஸ் அடுக்ககத்தின் திறந்த வாகன நிறுத்தத்தில், நண்பகல் முழுதும் காடிக்குள் கிடந்த எலெக்ட்ரிக் கிட்டாரின் கழுத்தில், உஷ்ணத்தால் பசை இளகி, ஃபிரெட்போர்டு எனும் விரற்பலகை ஓரத்தில் பிரிந்து நிற்குமாயின், அவசரமாகச் சூப்பர் குளூவை ஊற்றுவது பின்னாளைய மராமத்துக்கே இடையூறாகும். (1950களின் தொடக்கத்து ஃபெண்டர் கிட்டார்களில் கழுத்தும் பலகையும் ஒரே மேப்பிள் துண்டாதலால் இத்தொல்லை இல்லை.)

கம்பிகளைத் தளர்த்தி, மெல்லிய காகிதத்தை இடுக்கில் செலுத்திப் பிளவின் நீளத்தைப் பரிசோதித்து, தூசியகற்றியபின், மரப்பசையை ஊசிக்குழலால் சிறிது சிறிதாக உட்செலுத்துக. கழுத்தின் நடுவே ஓடும் டிரஸ் ராடு எனும் உலோகத் தண்டின் பள்ளத்தைப் பசை எட்டலாகாது. பிறகு, ஃபிரெட்டுகள் நசுங்காதபடி தக்கை ஒட்டிய பலகையொன்றை மேலே வைத்து, கிளாம்புகளால் மிதமாக இறுக்கி, பிதுங்கும் பசையை ஈரத்துணியால் உடனே துடைத்துவிட்டு, 24 மணி நேரம் விட்டுவைப்பது உசிதம். நம் ஊர் ஈரக்காற்றில் இன்னுமொரு நாள் பொறுத்தாலும் நஷ்டமில்லை.