தீ அணைந்த பின் வருபவர்

தீப்பற்றினால் யார் வருவார் என்று கேட்டால் ஆண்டு மூன்றில் படிக்கும் பிள்ளைகூடத் தயங்காமல் தீயணைப்புப் படை என்று சொல்லிவிடும். தீ அணைந்த பின் யார் வருவார், தீப்பற்றுவதற்கு முன்பே வந்து பார்த்துவிட்டுப் போகிறவர் யார் என்று கேட்டால் எனது உயர்தர வகுப்பு மாணவியரும் சற்று யோசிக்கிறார்கள். ஐக்கிய அமெரிக்காவின் நகரங்களில் இவ்விரண்டு வேலைகளையும் செய்பவருக்கு ஃபயர் மார்ஷல் என்று பெயர். நான் இரசாயனவியல் கற்பிப்பவள். “இரசாயனவியல் படித்து வைத்தியராக முடியாவிட்டால் வேறென்ன ஆகலாம்?” என்று பெற்றோர் கூட்டங்களில் என்னிடம் கேட்காத ஆண்டில்லை. அந்தக் கேள்விக்கு இக்கட்டுரையும் ஒரு விடை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பிரித்தானியாவிலும் அவ்வழியைப் பின்பற்றும் எமது நாட்டு அலுவலகங்கள், ஆடைத் தொழிற்சாலைகள் சிலவற்றிலும் ஃபயர் மார்ஷல் என்று ஓர் ஊழியரை அழைப்பதுண்டு. அபாய மணி ஒலித்தால் தம் மாடியிலுள்ளவர்களை வெளியேற்றித் தலை எண்ணுவது அவர் பொறுப்பு. நான் எழுதப்போவது அவரைப் பற்றியல்ல. அமெரிக்க மார்ஷல் அரச அதிகாரி. கட்டடத்துக்குள் சென்று பரிசோதிப்பார். சட்டத்தை மீறியவருக்கு அறிவித்தல் கொடுப்பார். தீயின் காரணத்தைத் தேடுவார். பாடசாலைகளுக்குச் சென்று பிள்ளைகளுக்குப் பாதுகாப்புப் பாடம் நடத்துவார். நியூயோர்க் நகரில் இவர்கள் தீயணைப்பு வீரர்களிலிருந்து தெரிவு செய்யப்படுபவர்கள். கைது செய்யும் அதிகாரமும் துப்பாக்கி வைத்திருக்கும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு.

இந்தப் பதவிக்கு இவ்வளவு அதிகாரம் ஏன் என்பதை விளங்கிக்கொள்ள 1911ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் திகதிக்குப் போக வேண்டும். நியூயோர்க்கில் பத்து மாடிக் கட்டடமொன்றின் மேல் மூன்று மாடிகளில் ட்ரையாங்கிள் என்ற ஆடைத் தொழிற்சாலை இயங்கியது. அன்று சனிக்கிழமை, வேலை முடியும் நேரம். எட்டாம் மாடியில் துணி வெட்டும் மேசையின் கீழே கழிவுத் துணிகள் குவிந்திருந்த பெட்டியில் தீப்பிடித்தது. ஒன்பதாம் மாடியிலிருந்த பெண்கள் ஒரு பக்கப் படிக்கட்டுக்கு ஓடினார்கள். அதன் கதவு பூட்டப்பட்டிருந்தது. வெளிப்புற இரும்பு ஏணிப்படி பாரம் தாங்காமல் முறிந்து விழுந்தது. தீயணைப்பு வண்டிகள் விரைவாகவே வந்தன, ஆனால் அவற்றின் ஏணிகள் ஆறாம் மாடியைத்தான் எட்டின. 146 பேர் இறந்தனர். அவர்களில் 123 பேர் பெண்களும் சிறுமியரும். பெரும்பாலானோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள். உங்கள் வயது, அல்லது உங்கள் மூத்த சகோதரியின் வயது.

அணைக்கப்படாத தீக்குச்சியோ சிகரட் துண்டோ அந்தத் துணிப் பெட்டிக்குள் விழுந்திருக்க வேண்டும் என்பது நகரத்தின் ஃபயர் மார்ஷல் வந்த முடிவு. உரிமையாளர்கள் இருவரும் வழக்கில் விடுதலையானார்கள். ஆயினும் விடயம் அத்தோடு முடிந்துவிடவில்லை. மாநில அரசு தொழிற்சாலைகளை விசாரிக்க ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பான்கள், தீ ஒத்திகை, வேலை நேரத்தில் பூட்டப்படாத கதவுகள் எல்லாம் சட்டமாயின. அன்று வீதியில் நின்று அந்தத் தீயைக் கண்ணால் கண்ட பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண், 1933இல் அமெரிக்காவின் தொழில் அமைச்சராகி, அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதற்பெண் என்ற இடத்தையும் பெற்றார். அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. ஒரு பல்கலைக்கழகம் அதில் இயங்குகிறது. தீப்பிடிக்காத கட்டடம் என்றே அது கட்டப்பட்டது, அவ்வாறே அது எரிந்து விழவும் இல்லை. உள்ளே இருந்த துணியும் மனிதர்களுமே எரிந்தார்கள்.

மார்ஷல் பரிசோதனைக்கு வரும்போது பார்ப்பவை சாதாரணமானவை. வெளியேறும் கதவு வெளிப்புறமாகத் திறக்கிறதா? படிக்கட்டின் கீழே கடதாசிப் பெட்டிகள் அடுக்கப்பட்டுள்ளனவா? ஒரே பிளக்கில் எத்தனை இணைப்புகள்? மண்டபத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்று அறிவித்தல் உண்டா? இதற்கெல்லாம் ஓர் அதிகாரி தேவையா என்று தோன்றலாம். சிக்காகோவில் நடந்ததைக் கேட்டால் அப்படித் தோன்றாது.

1958 டிசம்பர் 1ஆம் திகதி, அங்கே கத்தோலிக்கப் பாடசாலையொன்றில், வகுப்புகள் முடியச் சிறிது நேரமே இருக்கையில் தீப்பற்றியது. படிக்கட்டின் அடியில், நிலக்கீழ்த் தளத்தில், குப்பை போடும் பீப்பாயில் தொடங்கிய தீ அது. முதல் தளத்தில் படிக்கட்டுக்குக் கதவு இருந்தது, அது மூடியும் இருந்தது. அதனால் புகை அங்கே நுழையவில்லை. மேல்தளத்தில் கதவே இல்லை. சூடான புகை முழுவதும் ஒரு புகைபோக்கியில் ஏறுவதுபோல் மேலே ஏறி நடைபாதையை நிரப்பியது. 92 பிள்ளைகளும் அவர்களுக்குக் கற்பித்த 3 கன்னியாஸ்திரிகளும் இறந்தார்கள். இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. சில வாரங்களுக்கு முன்புதான் அந்தக் கட்டடம் பரிசோதிக்கப்பட்டு, குறையில்லை என்று விடப்பட்டிருந்தது. பரிசோதித்தவர் சட்டத்தை மீறவில்லை. 1949இல் வந்த நகரச் சட்டம் புதிய பாடசாலைகளை மட்டுமே கட்டுப்படுத்தியது; பழைய கட்டடங்களுக்கு விலக்கு இருந்தது. ஒரு கதவு அங்கே இருந்திருந்தால் என்று பின்னர் எல்லோரும் சொன்னார்கள். இதன்பின் அமெரிக்கா முழுவதிலும் பழைய பாடசாலைகளும் புதிய விதிகளுக்குள் கொண்டுவரப்பட்டன.

விதி இருந்தும் கண் தவறிய சம்பவமும் உண்டு. 2003 பெப்ரவரியில் றோட் ஐலன்ட் மாநிலத்தில் இசை நிகழ்ச்சி நடந்த விடுதியொன்றில், மேடையில் கொளுத்திய வாணம் சுவரில் ஒட்டியிருந்த பஞ்சில் பற்றி 100 பேரைக் கொன்றது. சத்தம் வெளியே போகாமலிருக்க ஒட்டிய பொலியூரித்தேன் பஞ்சு அது. அவ்வூர் மார்ஷல் அந்த இடத்தைப் பலமுறை பரிசோதித்திருந்தார். அந்தப் பஞ்சு அவருடைய அறிக்கைகளில் இடம்பெறவில்லை. ஒரு பல்பகுதியத்தின் பெயரும் அது எரியும் விதமும் தெரிந்திருப்பது பரீட்சைப் புள்ளிக்கு மட்டும் உரிய விடயம் என்று நினைக்கும் மாணவியர் இதை ஒருமுறை வாசிக்கட்டும்.

இனி, தீ அணைந்த பிறகு நடக்கும் வேலை. எரிந்த வீட்டுக்குள் மார்ஷல் நுழையும்போது, குறைவாக எரிந்த இடத்திலிருந்து அதிகம் எரிந்த இடத்தை நோக்கி நடப்பார். தீ மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் பரவுவதால் சுவரில் ஆங்கில வீ எழுத்தின் வடிவில் கரி படியும். அதன் அடிமுனை தீ தொடங்கிய இடத்தைச் சுட்டலாம். உலோகங்களும் சாட்சி சொல்லும். அலுமினியம் 660 பாகை செல்சியசிலும் செப்பு 1,085 பாகையிலும் உருகும் என்று தரம் 11 பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கலாம். ஓர் அறையில் அலுமினியச் சட்டம் உருகியும் செப்புக் கம்பி உருகாமலும் இருந்தால், அங்கிருந்த வெப்பநிலைக்கு ஒரு மேல் எல்லையும் கீழ் எல்லையும் கிடைத்துவிடுகின்றன. பெற்றோல் போன்ற திரவம் ஊற்றப்பட்டதாகச் சந்தேகம் வந்தால் தரையிலிருந்து மாதிரி எடுத்து, வர்ணம் அடைக்கும் தகர டின் போன்ற சுத்தமான பாத்திரத்தில் இறுக்கி மூட வேண்டும். சாதாரண பொலித்தீன் பையில் எடுத்தால் ஐதரோகாபன் ஆவி அதனூடாகவே கசிந்து போய்விடும். திரவம் படாத இடத்திலிருந்தும் ஒப்பிட ஒரு மாதிரி வேண்டும், ஏனெனில் தரைவிரிப்பே எரியும்போது இத்தகைய சேர்வைகளை வெளியிடக்கூடும். மோப்ப நாய் குரைத்தால் மட்டும் போதாது, ஆய்வுகூடம் உறுதி செய்தால்தான் அது சான்று. ஒரு வீட்டுக்குள் நினைத்தபோது நுழையவும் இயலாது. தீயணைத்த கையோடு நியாயமான நேரம் தங்கி விசாரிக்கலாம். அதன்பின் திரும்பி வருவதாயின் நீதிமன்ற அனுமதி தேவை என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1978இல் தீர்ப்பளித்தது.

தகைமை என்ற பேச்சு இங்கேதான் உயிர்ப் பிரச்சினையாகிறது. முன்னொரு காலத்தில் தீ விசாரணை குருவிடமிருந்து சீடன் கற்கும் தொழிலாக இருந்தது. மூத்தவர் சொன்ன அடையாளங்களை இளையவர் மனனம் செய்தார். யன்னல் கண்ணாடியில் சிலந்தி வலைபோல் நுண்கீறல்கள் இருந்தால் தீ மிக வேகமாகச் சூடேறியிருக்கிறது, ஆகவே எரிதிரவம் ஊற்றியிருக்கிறார்கள் என்பது அவற்றில் ஒன்று. தரையில் குட்டை குட்டையாகக் கரி இருந்தால் அங்கே திரவம் ஊற்றப்பட்டது என்பது இன்னொன்று. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதே குறை.

1991இல் சோதித்தார்கள். புளோரிடாவின் ஜக்சன்வில் நகரில் குடும்பத்தவர் அறுவர் இறந்த ஒரு வீட்டுத் தீயில், வீட்டுக்காரரே பெற்றோல் ஊற்றினார் என்ற குற்றச்சாட்டு இருந்தது. அதே தெருவில் அதே அமைப்பில் இடிக்கவிருந்த இன்னொரு வீடு கிடைத்தது. அதே மாதிரித் தளபாடங்களை இட்டு, ஒரு துளி பெற்றோலும் இல்லாமல் சோபாவுக்கு மட்டும் தீ வைத்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் கூரைக்கடியில் திரண்ட சூடான வாயுக்கள் அறையிலுள்ள எல்லாப் பொருள்களையும் ஒரே கணத்தில் பற்றவைத்தன. ஃபிளாஷ் ஓவர் என்று அதைச் சொல்வார்கள். அதன்பின் தரையில், திரவம் ஊற்றியதுபோன்ற அதே கரி அடையாளங்கள்! வழக்குத் தொடுத்தவர்கள் குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். அதே ஆண்டு கலிபோர்னியாவின் ஓக்லன்ட் மலைப்பகுதித் தீயில் எரிந்த வீடுகளை ஆராய்ந்தபோது, யாரும் எரிதிரவம் ஊற்றாத வீடுகளிலும் அந்தச் சிலந்தி வலைக் கண்ணாடி கிடைத்தது. சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டுத் திடீரெனக் குளிர்வதால் வரும் கீறல் அது என்று ஆய்வுகூடத்தில் நிரூபித்தார்கள். தீயணைப்பு வீரர் பாய்ச்சிய தண்ணீரையே குற்றத்தின் அடையாளமாக எண்ணி எத்தனை அறிக்கைகள் எழுதப்பட்டிருக்கும்!

இந்த அறிவு டெக்சஸ் மாநிலத்தின் கோர்சிகானா ஊருக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. 1991 டிசம்பர் 23ஆம் திகதி அங்கே ஒரு வீடு எரிந்து மூன்று பெண் குழந்தைகள் இறந்தார்கள். தந்தை கமரன் டொட் வில்லிங்ஹாம் உயிர் தப்பினார். மாநிலப் பிரதி ஃபயர் மார்ஷல் நீதிமன்றத்தில் சாட்சியமளித்தார். தரைக் கரி, கண்ணாடிக் கீறல் எல்லாம் அந்தச் சாட்சியத்தில் இருந்தன. வில்லிங்ஹாம் 2004 பெப்ரவரி 17ஆம் திகதி மரண தண்டனைக்கு உள்ளானார். அதற்கு முன்பும் பின்பும் அந்த அறிக்கையை ஆராய்ந்த விஞ்ஞானிகள், தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்பதற்கு அதில் விஞ்ஞான ஆதாரம் இல்லை என்றார்கள். டெக்சஸ் மாநிலத்தின் தடயவியல் ஆணைக்குழு 2011இல், தீ விசாரணையாளரின் பயிற்சியை மேம்படுத்தப் பல பரிந்துரைகளை வெளியிட்டது. அந்த மார்ஷல் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. தாம் கற்றதை அவர் மனமார நம்பியே சொல்லியிருப்பார். எனக்குப் பயம் தருவதும் அதுதான்.

இன்று அமெரிக்காவில் தீ விசாரணையாளருக்கான தகைமை விதிகளை 1896இல் தொடங்கிய தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் வகுக்கிறது. வயது 18, பாடசாலைக் கல்வி நிறைவு, நடத்தை பற்றிய விசாரணை என்பன வாசற்படி மட்டுமே. அதற்குமேல் எரிதலின் இரசாயனவியல், வெப்ப இயக்கவியல், மின்சுற்றுகள், வெடித்தல், அபாயப் பொருள்கள், சான்று சேகரிக்கும் முறை முதலியவற்றில் பாடசாலை மட்டத்தைத் தாண்டிய அறிவு வேண்டும். அதைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கவும் வேண்டும். விசாரணை முறைபற்றி அச்சங்கத்தின் வழிகாட்டி 1992இல் முதன்முதலாக வெளிவந்தது. எனக்கு அதில் மிகவும் பிடித்த பகுதி, காரணத்தை வகைப்படுத்தும் இடம்: தற்செயல், இயற்கை, வேண்டுமென்றே வைத்தது, தீர்மானிக்க முடியாதது. கடைசி வகையை எழுதத் துணிவு வேண்டும். மற்றெல்லாக் காரணங்களையும் தள்ளிவிட்டேன், ஆகவே மிஞ்சியது இதுதான் என்று சான்றில்லாமல் எழுதுவதை அந்த வழிகாட்டி ஏற்பதில்லை. மார்ஷல் பதவிக்கும் விதித்தொகுப்பு உண்டு. அதில் நிர்வாகம், சட்ட அமுலாக்கம், மக்களுக்குக் கற்பித்தல் ஆகியவையும் அடங்கும். நன்றாகப் பேசவும் தெளிவாக எழுதவும் தெரியாதவர் இந்தப் பதவியில் நிலைக்க முடியாது. மொழிப்பாடத்தை அலட்சியம் செய்யும் விஞ்ஞானப் பிரிவு மாணவியர் கவனிக்க.

எமது நாட்டில் இந்த வேலை பலரிடம் பிரிந்து கிடக்கிறது. தீயணைப்பும் கட்டடங்களுக்கான தீப் பாதுகாப்புச் சான்றிதழும் மாநகர சபைகளின் தீயணைப்புத் துறையிடம். குற்ற விசாரணை பொலிசாரிடம். எரிந்த மாதிரிகளைப் பகுப்பாய்வது அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்திடம். 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் வீடுகளில் எரிவாயு அடுப்புகள் வெடித்ததை எந்தத் தாயும் மறந்திருக்கமாட்டார். அப்போது நியமிக்கப்பட்ட நிபுணர் குழு, சிலிண்டரிலுள்ள புரொப்பேன், பியூட்டேன் விகிதம் மாறியதைக் காரணமாகக் காட்டியது. அற்கேன்கள் பாடம் சமையலறைக்குள் வந்து நின்ற நாள்கள் அவை.

இத்துறையில் ஆர்வமுள்ள பிள்ளையின் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். உயர்தரத்தில் இரசாயனவியலும் பௌதிகவியலும் எடுத்து, பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலைத் தொடர்ந்தால் பகுப்பாய்வுத் துறையின் வாசல் திறக்கும். பொறியியல் வழியாகக் கட்டடப் பாதுகாப்புத் துறைக்கும் போகலாம். ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்து செய்யும் வேலையும் இதில் உண்டு, சாம்பலுக்குள் முழங்காலிட்டுச் செய்யும் வேலையும் உண்டு. பிள்ளைக்கு எது ஒத்துவரும் என்பதைப் பிள்ளையிடமே கேளுங்கள்.

வீட்டுக்கு ஒரு மார்ஷல் வந்தால் என்ன கேட்பார் என்று எனது வகுப்பில் கேட்டேன். எரிவாயுக் குழாயின் காலாவதித் திகதி என்றாள் ஒருத்தி. ட்ரிப் சுவிட்சை எப்போது சோதித்தீர்கள் என்றாள் இன்னொருத்தி. பின்வரிசையிலிருந்த ஒரு பிள்ளை, “மிஸ், எங்கட வீட்டு யன்னலெல்லாம் கம்பி. இரவில் முன்கதவைப் பூட்டி வாப்பா சாவியைத் தலையணைக்குக் கீழே வைப்பார். பின்கதவுக்கு எங்கே சாவி என்று எனக்கே தெரியாது” என்றாள். திருடனுக்குப் பூட்டுகிறோம், சரி. அந்தச் சாவியை வீட்டிலுள்ள எல்லோரும் இருட்டிலும் எடுக்கக்கூடிய ஓர் ஆணியில் மாட்டிவிட்டால் அந்த வீட்டில் மார்ஷலுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். தீயணைப்புச் சேவைக்கு அழைக்கும் இலக்கம் 110. அதையும் அந்த ஆணிக்கு மேலே எழுதி ஒட்டும்படி சொல்லியிருக்கிறேன்.