திரை அச்சும் சேதக் கணக்கும்

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதம் நாகபுரிக் கிளையில் என் மேசைக்கு ஒரு முத்ரா கடன் விண்ணப்பம் வந்தது. அருகிலுள்ள சிற்றூரைச் சேர்ந்த பெண்மணி ஒருவர், துணிப்பைகளில் கடைப் பெயரை அச்சிட்டுத் தரும் தொழிலை வீட்டிலேயே தொடங்க 45,000 ரூபாய் கேட்டிருந்தார். 120 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் கைப்பைகள் 2022 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டுவிட்டமையால் துணிப்பைக்குத் தேவை இருக்கிறது. 50,000 ரூபாய் வரையிலான கடன் ‘சிசு’ பிரிவில் அடங்கும், பிணை கேட்பதற்கில்லை. ஆயினும் ஒன்று உறுத்தியது. நூறு பை வாங்கினால் நூறும் விற்பனையாகும் என்று அவருடைய திட்ட அறிக்கை சொல்லிற்று. சேதம் எவ்வளவு என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, உண்மையில் எனக்கும் தெரியாது. மாவட்டத்தின் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் கட்டணமின்றித் தொழில்முனைவோர் பயிற்சி பெறலாம் என்று சொல்லி அனுப்பினேன். விடுமுறை நாள்களில் நானும் அத்தொழிலைக் கற்க முனைந்தேன்.

திரை அச்சின் தத்துவம் எளிது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணியின் மீது எமல்ஷன் பூசி, இருட்டில் உலர்த்தி, கறுப்பு எழுத்துள்ள பாசிட்டிவ் தாளை வைத்து வெளிச்சம் காட்டவேண்டும். ஒளி பட்ட இடம் இறுகும். எழுத்து மறைத்த இடம் இறுகாமல் நீரில் கரைந்து திறந்துகொள்ளும். அத்திறப்பின் வழியே மையை ரப்பர் விளிம்புள்ள ஸ்க்வீஜியால் இழுத்துவிட்டால் அச்சு விழும்.

முதல் தவறு கடையிலேயே நிகழ்ந்தது. மெல்லிய வலை உயர்ந்தது என்றெண்ணி, சென்டிமீட்டருக்கு 120 இழை கொண்டதை வாங்கிவந்தேன். அது தாளுக்கு உரியது. துணிக்கான கெட்டியான மை அதில் இறங்காது. துணிக்கு 43 இழை போதும் என்று, இரண்டாம் முறை சென்றபோது கடைக்காரர் சொன்னார். முதன்முறையே என்ன தொழிலுக்கு என்று அவர் கேட்டிருக்கலாம்; நானும் சொல்லியிருக்கலாம்.

அடுத்தது வெளிச்சம். விளக்கு வாங்கச் செலவிடாமல் மொட்டைமாடி வெயிலையே பயன்படுத்தினேன். மிகுதியாகக் காட்டினால் எழுத்தும் சேர்ந்து இறுகிவிடுகிறது. எவ்வளவு நீரூற்றினாலும் திறப்பதில்லை. குறைத்துக் காட்டினால் பூச்சு முழுவதும் வழிந்து வாளிக்குள் போய்விடுகிறது. மூன்று சட்டங்கள் பாழான பிறகே ஒரு வழி பிடிபட்டது: திரையை ஓர் அட்டையால் மூடி, அதைச் சிறிது சிறிதாக நகர்த்தினால், ஒரே திரையில் பல கால அளவுகளையும் சோதித்துவிடலாம். ஆனால், மே மாதம் கண்ட அளவு ஜூலை மேகத்தில் செல்லாது, மீண்டும் சோதிக்கவேண்டும். வெயில் இலவசம் என்று எழுதிய நான், அது தின்ற எமல்ஷனைப் பிறகு செலவில் சேர்த்தேன்.

நாகபுரிக் கோடையில் நீர் கலந்த மை வலைக் கண்களிலேயே உலர்ந்து அடைத்துக்கொள்கிறது. பத்தாவது பைக்குள் எழுத்து பாதியாகிவிடும். ஓர் அச்சு எடுத்தவுடன் திரையைத் தூக்கி, மேலே மெல்லிய மைப்படலத்தைப் பரப்பிவைத்தால் அடைப்பு குறைகிறது. சட்டத்தின் மூலைகளில் ஒவ்வொரு நாணயத்தை ஒட்டித் திரையைத் துணியினின்று சற்றே உயர்த்தியதும் மை கசிந்து பரவுவது நின்றது. ஸ்க்வீஜியைச் சாய்த்து ஒரே இழுப்பாக இழுக்கும் பழக்கம் மட்டும் எந்தக் குறிப்பாலும் வராது. கை வலித்துத்தான் வரும்.

இனிக் கணக்கு. பை ஒன்றுக்கு 18 ரூபாய், மை முதலியவற்றுக்கு 3 ரூபாய். ஆக அடக்கம் 21. விற்பனை விலை 26 என்று வைத்தேன். முதல் தொகுதி 50 பைகளுக்குச் செலவு 1,050 ரூபாய். அதில் 19 பாழ்; 31 தேறின. செலவு முழுவதையும் தேறியவை மீதே ஏற்றவேண்டும் என்பதால், ஒரு பையின் அடக்கம் 33 ரூபாய் 87 காசு. இரண்டாம் தொகுதியில் 9 பாழ். அடக்கம் 25 ரூபாய் 61 காசு. பைக்கு 39 காசு லாபம். மூன்றாவதில் 4 மட்டுமே பாழாயின. 22 ரூபாய் 83 காசுக்கு வந்து நின்றது. அதே பை, அதே மை. மாறியது என் கை மட்டுமே. உழைப்புக்கு ஒரு காசும் இதில் வைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முதல் தொகுதியில் தேறிய 31 பைகளை அண்டை வீட்டாருக்குக் கொடுத்திருந்தோம். முதல் சலவையிலேயே எழுத்துகள் வெளுத்துவிட்டன என்று மாடியில் குடியிருப்பவர் சிரித்துக்கொண்டே காட்டினார். அச்சு உலர்ந்தால் போதாது. மை இழையில் நிலைக்கச் சூடு வேண்டும். பின்புறமாகவும் மேலே துணி விரித்தும் சில நிமிடம் சூடான இஸ்திரிப்பெட்டியால் தேய்த்திருக்கவேண்டும். ஆக, அந்த 33 ரூபாய் 87 காசும் பொய்க் கணக்கே. 50 பைகளும் நட்டம். எவ்வளவு கவனமாக இருந்தாலும் நேரும் இயல்பான சேதத்தை அடக்க விலையில் சேர்க்கலாம். இவ்வாறு கவனக்குறைவால் வந்ததை நேரே லாப நட்டக் கணக்குக்குக் கொண்டுசெல்லவேண்டும். வாடிக்கையாளர் தலையில் கட்டமுடியாது.

எனவே இத்தகைய கடன் கேட்டு வருவோரிடம் நான் இப்போது முதலில் பார்ப்பது கருவியின் விலைப்பட்டியலை அன்று. வாங்கும் தொகை முழுவதையும் மேசைக்கும் சட்டங்களுக்கும் செலவிட்டுவிட்டால், பாழாகும் முதல் இருநூறு பைகளை வாங்கக் கையில் பணமிராது. நடைமுறை மூலதனமாக மூன்றில் ஒரு பங்கையேனும் ஒதுக்கச் சொல்கிறேன். உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை; அதையும் உடன் செய்துகொள்ளலாம்.

ஆகஸ்டில் அப்பெண்மணி திருத்திய அறிக்கையுடன் வந்தார். கருவிகளுக்கு 27,000, மூலப்பொருளுக்கு 18,000 என்று பிரித்திருந்தார். சேதம் முதல் மூன்று மாதங்களுக்கு நூற்றுக்கு 20, பின்னர் 8. துவைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கைப்பைக்குள்ளிருந்து, பலமுறை துவைத்துச் சுருங்கிய ஒரு துணிப்பையை எடுத்து மேசையில் விரித்தார். ஊர் மளிகைக் கடையின் பெயர் அதில் தெளிவாக இருந்தது.