பதிவும் சேமிப்பும்

கமக்காரர்களே,

ஒரு போகம் வெள்ளத்தில் அழிந்தால் வறிய குடும்பம் கடனில் வீழ்கின்றது. பெயர் பதியாதார்க்கு அரச உதவியும் எளிதில் எட்டாது. 2024/25 பெரும்போகத்தில் நெற்செய்கைக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா வீதம் பசளை மானியம் வங்கிக் கணக்கிலேயே இடப்பட்டது. ஆதலால் விதைப்பதற்கு முன் பின்வருவனவற்றைச் செய்து முடித்தல் வேண்டும்:

1. கமநல சேவை நிலையத்துக் காணி இடாப்பிலே செய்கையாளராக உங்கள் பெயர் உளதாவெனப் பாருங்கள். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி பேணப்படுவது இதுவே. குத்தகைக்குச் செய்வோர் இதில் விசேட கவனஞ் செலுத்துக.

2. உங்கள் பெயரில் வங்கிக் கணக்கொன்றைத் திறவுங்கள்.

3. நெல், மிளகாய், வெங்காயம் முதலியவற்றைக் காப்புறுதி செய்யுங்கள்.

அறுவடையானதும் முதலில் விதைநெல்லையும், அடுத்த போகச் செலவிற்கு ஒரு பங்கையும் ஒதுக்குங்கள். எஞ்சியதையே விற்றல் நன்று. பயிர் அழிந்தபின் பதிவைத் தேடுதல் பயன் தராது.